மாட்டுக்கு அளந்து வைக்கிறோம்... நமக்கு?

பரோட்டா, ஃப்ரைடு ரைஸ், இரண்டு லிட்டர் பாட்டில்... கிராமத்துத் தட்டின் அளவு கூடியது எப்படி? அதை மறுபடி அளவுக்குள் கொண்டுவருவது எப்படி?

என் பெரியப்பா மகனுக்கு இப்போது 51 வயது. நன்னிலம் பக்கம் ஐந்து ஏக்கர் நஞ்சை, மூன்று கறவை மாடு. மூன்று வருடங்களுக்கு முன்பு, சம்பா நடவு நேரம். வரப்பில் வெறுங்காலோடு நடந்தபோது கருவேல முள் குத்திவிட்டது. நமக்கு முள் குத்துவது புதிதா என்ன? ஆனால், அண்ணனுக்கு முள் குத்தியதே தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து, பாயில் இருந்த கறையைப் பார்த்து அண்ணிதான் கேட்டிருக்கிறார். “என்னங்க இது, கால்ல சீழ் வடியுது... வலிக்கலையா?”

வலிக்கவில்லை. அதனாலேயே காட்டாமல் விட்டார். மஞ்சள் பற்றுப் போட்டு ஒரு வாரம் ஓட்டினார். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சர்க்கரை 340. எடை 88 கிலோ. சுண்டு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

“எத்தனை வருஷமா சுகர் இருக்கு?” என்று டாக்டர் கேட்டார்.

“எனக்கு சுகரே இல்லீங்களே டாக்டர். நான் விவசாயி. உழைக்கிற உடம்பு.”

“சரி. ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடுவீங்க?”

அண்ணன் யோசித்துப் பார்த்தார். பதில் சொல்லத் தெரியவில்லை. “வயித்துக்கு வேணும்கிற அளவு சாப்பிடுவேன்” என்றார்.

பக்கத்தில் நின்றுகொண்டிருந்த எனக்குச் சுருக்கென்றது. இதே அண்ணனிடம், “செவலைக்கு எவ்வளவு தீவனம் வைக்கிறீங்க?” என்று கேட்டால், கிராம் சுத்தமாகச் சொல்வார்.

செவலைக்கு ஒரு கணக்கு... எஜமானருக்கு?

கறவை மாடு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான். உடம்பைப் பராமரிக்க ஒன்றரை கிலோ அடர்தீவனம். அதற்கு மேல், கறக்கும் ஒவ்வொரு இரண்டரை முதல் மூன்று லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. பால் வற்றிவிட்டால் தீவனத்தைக் குறைத்துவிடுவோம். குறைக்காவிட்டால் மாடு கொழுத்துப்போகும். சினை பிடிப்பதில் சிக்கல் வரும். கன்று ஈனும்போதும் சிரமப்படும். ‘வேலைக்குத் தக்க தீனி’ என்பது மாட்டு விஷயத்தில் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் மனிதர்களுக்கும் இந்தக் கணக்கு தானாகவே நடந்தது. உழவு, நடவு, அறுப்பு நாள்களில் வயிறு முட்டச் சாப்பாடு. வேலை இல்லாத மாதங்களில் கஞ்சி. இப்போது என்ன நடக்கிறது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். நாட்டுக் கலப்பையின் சால் அகலம் அரை அடி என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு ஏக்கரை ஒரு சால் ஓட்டி முடிக்க, ஏர் பிடித்தவர் மாட்டுக்குப் பின்னால் ஏறத்தாழ 26 கிலோமீட்டர் நடந்தாக வேண்டும். அதுவும் சேற்றில், கலப்பையை அழுத்திக்கொண்டு. இதை இரண்டு மூன்று நாள்களில் முடிப்பார்கள். எங்கள் பெரியப்பா அப்படி நடந்தவர். அவர் ஒரு வேளைக்குச் சாப்பிட்ட சோறு, இன்றைக்கு நம்மில் பலர் சாப்பிடுவதைவிட அதிகம். ஆனாலும், அவருக்குத் தொப்பை என்ற ஒன்று கிடையாது.

இன்று அதே ஏக்கரை டிராக்டர் ஒரு மணி நேரத்தில் உழுதுவிடுகிறது. அண்ணன் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார், அல்லது வரப்பில் நின்று வேடிக்கை பார்க்கிறார். அறுப்புக்கு இயந்திரம். தண்ணீர் பாய்ச்ச மோட்டார். வயலுக்குப் போக பைக். இதெல்லாம் தவறில்லை. முதுகு ஒடிந்த உழைப்பிலிருந்து நம்மை விடுவித்த சாதனங்கள் இவை. ஆனால், ஏரைக் கொட்டகையில் போட்ட நாளில் தட்டின் அளவைக் குறைக்க நாம் மறந்துவிட்டோம். குறைக்காதது மட்டுமல்ல, அதற்கு மேல் புதிதாக ஒன்றையும் சேர்த்துக்கொண்டோம். அதுதான் கடைத்தெருச் சாப்பாடு.

“ஃபுல் வாங்கினா நாப்பது ரூபாதானே கூட!”

இன்று எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும், மாலை ஆறு மணிக்கு மேல் பேருந்து நிறுத்தத்தில் இரண்டு தள்ளுவண்டியாவது நிற்கும். ஃப்ரைடு ரைஸ், நூடுல்ஸ், சில்லி சிக்கன். பக்கத்தில் பரோட்டாக் கடை, பேக்கரி. எங்கள் ஊர் வண்டியில் ஃப்ரைடு ரைஸ் ‘ஹாஃப்’ 80 ரூபாய், ‘ஃபுல்’ 120 ரூபாய். பாதியே போதும் என்று போகிறவர்கூட, நாற்பது ரூபாயில் இரண்டு மடங்கு கிடைக்கிறதே என்று ஃபுல் வாங்கிவிடுவார். வாங்கியதை வீணாக்க மனம் வராது. நாம் நெல் விளைவிக்கிறவர்கள், ஒரு பருக்கையைக்கூடக் கீழே போடக் கூடாது என்று வளர்ந்தவர்கள். அதனால் முழுசையும் சாப்பிட்டு முடிப்போம்.

இந்த விற்பனை உத்தி இங்கே பிறந்தது அல்ல. அமெரிக்காவில் டேவிட் வாலர்ஸ்டீன் என்று ஒருவர் இருந்தார். சிகாகோ பக்கம் சினிமா தியேட்டர்களை நிர்வகித்தவர். தியேட்டரில் சோளப்பொரியும் குளிர்பானமும் விற்றால்தான் லாபம். விலையைக் குறைத்துப் பார்த்தார், இரண்டு பொட்டலம் சேர்த்து வாங்கினால் சலுகை என்று சொல்லிப் பார்த்தார். யாரும் இரண்டாவது பொட்டலம் வாங்கவில்லை. ‘இரண்டு வாங்கினால் நம்மைத் தீனிப்பண்டாரம் என்று நினைப்பார்களே’ என்ற கூச்சம்தான் காரணம் என்று அவருக்குப் புரிந்தது. உடனே பொட்டலத்தைப் பெரிதாக்கினார். வியாபாரம் எகிறியது. ஒரே பொட்டலம் என்பதால் கூச்சம் போய்விட்டது. பிற்பாடு அவர் மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தின் இயக்குநர் குழுவுக்குப் போனார். உருளைக்கிழங்கு வறுவலிலும் பெரிய பொட்டலம் கொண்டுவர வைத்தார். அந்த நிறுவனம் 1987-ல் இன்னும் பெரிய ‘சூப்பர் சைஸ்’ அளவை அறிமுகப்படுத்தியது. மக்களின் எடை பற்றிய விமர்சனங்கள் வலுத்த நிலையில், 2004-ல் அதைக் கைவிட்டது.

பெரிய பொட்டலத்தை எப்படி மலிவாகத் தர முடிகிறது? விளைவிக்கிற நமக்குத்தான் இதற்கு விடை நன்றாகத் தெரியும். ஒரு தட்டு வறுவலின் விலையில் உருளைக்கிழங்குக்குப் போவது சொற்பம். கடை வாடகை, ஆள் கூலி, எரிவாயு, விளம்பரம் ஆகியவைதான் பெருஞ்செலவு. அளவை இரண்டு மடங்கு ஆக்கினாலும், கடைக்காரருக்குக் கூடும் செலவு கொஞ்சம்தான். கிழங்கு, மைதா, சர்க்கரை, எண்ணெய் இவற்றை விற்பவருக்குக் கிடைக்கும் விலை குறைவாக இருப்பதால்தான், வாங்குபவரின் பொட்டலம் பெரிதாக இருக்கிறது.

குளிர்பானத்திலும் இதே கதைதான். கோகோ கோலாவின் பழைய கண்ணாடி பாட்டில், நம் கணக்கில் 200 மில்லிக்கும் குறைவு. நாம் சிறுவர்களாக இருந்தபோது கல்யாண வீட்டில் குடித்ததும் ஏறத்தாழ அதே அளவு பாட்டில்தான். இப்போது விருந்தாளி வந்தால் இரண்டு லிட்டர் பாட்டில் வாங்குகிறோம். மிச்சம் ஃபிரிட்ஜில் இருக்கும். இரவுக்குள் பிள்ளைகள் காலி செய்துவிடுவார்கள்.

நிறைய வைத்தால், நிறையச் சாப்பிடுவோம்

‘எவ்வளவு வைத்தால் என்ன... பசி அடங்கியதும் நிறுத்திவிடுவோமே?’ என்று தோன்றும். உண்மை அப்படி இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளரின் குழு இதைச் சோதித்து, 2002-ல் முடிவை வெளியிட்டது. ஒரே ஆள்களுக்கு, ஒரே உணவை, வெவ்வேறு நாள்களில் 500 கிராம் முதல் 1,000 கிராம் வரை நான்கு அளவுகளில் வைத்தார்கள். வேண்டும் அளவு சாப்பிடலாம், மிச்சமும் வைக்கலாம். 1,000 கிராம் வைத்த நாளில், 500 கிராம் வைத்த நாளைவிட 30 சதவிகிதம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ‘வயிறு நிறைந்ததா?’ என்று கேட்டால், எல்லா நாளும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். வயிறு அளவு சொல்லவில்லை. தட்டுதான் சொன்னது.

இதற்கு ஒரு காரணம், வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர ஏறத்தாழ 15, 20 நிமிடங்கள் ஆகும் என்பது. அவசரமாகச் சாப்பிட்டால், செய்தி வருவதற்குள் தட்டு காலியாகிவிடும்.

கறிக்கோழி சொல்லும் பாடம்

கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். ஒரே மூலப்பொருளைத் தூளாகக் கொடுப்பதற்கும், குச்சித் தீவனமாகக் கொடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு. குச்சித் தீவனத்தைக் கோழி வேகமாகக் கொத்தும், கூடுதலாகவும் தின்னும். சீக்கிரம் எடை ஏறும். கறிக்கோழிக்கு அதுதான் வேண்டும்.

மென்மையான, மெல்ல வேலை இல்லாத, எண்ணெயும் மாவும் சர்க்கரையும் உப்பும் சேர்ந்த துரித உணவு நமக்குக் குச்சித் தீவனம் மாதிரி. இதை 2019-ல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்பவரின் குழு சோதித்தது. 20 பேரை நான்கு வாரம் ஆய்வு மையத்திலேயே தங்க வைத்தார்கள். இரண்டு வாரம் தொழிற்சாலையில் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சமையலறையில் செய்த இயல்பான உணவு. இரண்டிலும் முன்னால் வைத்த உணவின் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் சமம். வேண்டும் அளவு சாப்பிடலாம். முடிவு என்ன தெரியுமா? பதப்படுத்திய உணவு சாப்பிட்ட நாள்களில், தினமும் ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். வேகமாகவும் சாப்பிட்டார்கள். இரண்டே வாரத்தில் சராசரியாக 900 கிராம் எடை ஏறியது. இயல்பான உணவு சாப்பிட்ட இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது.

கறிக்கோழிக்கு ஆறு வாரம்தான் ஆயுள். நமக்கு அப்படியில்லையே!

அண்ணனின் ஒரு நாள் கணக்கு

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, அண்ணனும் நானும் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கலோரி என்பது உணவில் இருக்கும் எரிபொருளின் அளவு, டிராக்டருக்கு டீசல் மாதிரி. ஒரு கிராம் மாவுச்சத்திலும் சர்க்கரையிலும் 4 கலோரி. ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. அதிக உடலுழைப்பு இல்லாத ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2,000 கலோரி போதும்.

பரோட்டா: எங்கள் ஊர் மாஸ்டர் சொன்னபடி, ஒரு கிலோ மைதாவில் 20 பரோட்டா. பிசைய, தட்ட, கல்லில் ஊற்ற என்று கால் லிட்டர் எண்ணெய். மைதாவில் 3,500 கலோரி, எண்ணெயில் 2,000 கலோரிக்கு மேல். இருபதால் வகுத்தால் ஒரு பரோட்டாவுக்கு ஏறத்தாழ 275. மூன்று பரோட்டா, மேலே மிதக்கும் எண்ணெயோடு சால்னா என்றால் ஏறத்தாழ 1,000 கலோரி. அதைச் செலவழிக்க 15 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். பெரியப்பா ஏரோட்டி நடந்தார். அண்ணன் பைக்கில் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார்.

ஃபுல் ஃப்ரைடு ரைஸ்: 200 கிராம் அரிசி, மூன்று பெரிய கரண்டி எண்ணெய் என்று குறைத்து வைத்தாலும் 1,000 கலோரி தாண்டுகிறது.

குளிர்பானம்: கோலா வகையில் 100 மில்லிக்கு 10 முதல் 11 கிராம் சர்க்கரை. 200 மில்லி என்றால் 4 டீஸ்பூன். 600 மில்லி பாட்டில் என்றால் 12 டீஸ்பூனுக்கு மேல். திரவமாக உள்ளே போவதால் பசி அடங்காது. வழக்கமான சோற்றையும் சாப்பிடுவோம்.

டீ: அண்ணனுக்கு ஒரு நாளைக்கு ஐந்து டீ. ஒன்றுக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, அதாவது 10 கிராம். ஐந்துக்கு 50 கிராம். மாதத்துக்கு ஒன்றரை கிலோ. வருடத்துக்கு 18 கிலோ சர்க்கரை, டீயில் மட்டும்!

“ஒரு நாள் விட்டு ஒரு நாள்தானே பரோட்டா சாப்பிட்டேன்” என்றார் அண்ணன். உண்மைதான். ஆனால், எடை ஒரே ராத்திரியில் ஏறுவதில்லை. செலவைவிட வரவு தினமும் 100 கலோரி கூடினாலே போதும், சில ஆண்டுகளில் நான்கு கிலோ அளவுக்கு எடை கூடிவிடும். 100 கலோரி என்பது இரண்டரை டீயில் இருக்கும் சர்க்கரை. அவ்வளவுதான்.

நம் மாநிலத்தின் நிலவரம்

இது அண்ணனின் கதை மட்டும் இல்லை. 2015-16-ல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 30.9 சதவிகிதம் பேர் எடை கூடியவர்கள். 2019-21 கணக்கெடுப்பில் அது 40.4 சதவிகிதம். ஆண்களில் 37 சதவிகிதம். அதே கணக்கெடுப்பில், அதே வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. எடை இருக்கிறது, சத்து இல்லை. சாப்பாடு கூடியிருக்கிறது, கீரையும் காயும் பருப்பும் கூடவில்லை.

இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-ல் சொன்னது. இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதன் வாசலில் நிற்கிறார்கள். சர்க்கரை நோய்க்குப் பரம்பரையும் ஒரு காரணம். ஒல்லியாக இருப்பவருக்கும் வரும். ஆனால், நம்மால் மாற்ற முடிகிற காரணங்களில் பெரியது வயிற்றுச் சதைதான்.

தையல்காரர் டேப் ஒன்று போதும். விலா எலும்பு முடியும் இடத்துக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை இழுத்துப் பிடிக்காமல் சுற்றளவு எடுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது 35 அரை அங்குலத்துக்கு மேல் இருந்தாலும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது 31 அரை அங்குலத்துக்கு மேல் இருந்தாலும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள். பரிசோதனை இலவசம்தான்.

மாதக் கணக்கு போடுங்கள்

தினமும் தராசு வைத்துச் சாப்பிட யாராலும் முடியாது. அதனால் நாங்கள் ஒரு சுலபமான வழி பிடித்தோம். ஒரு மாதத்துக்கு வீட்டில் எவ்வளவு அரிசி, எண்ணெய், சர்க்கரை செலவாகிறது என்று எழுதினோம். ஆள் கணக்கால் வகுத்து, 30-ஆல் வகுத்தோம்.

அண்ணன் வீட்டில் பெரியவர்கள் நான்கு பேர். மாதத்துக்கு, இட்லி, தோசைக்கும் சேர்த்து 45 கிலோ அரிசி. ஆளுக்கு ஒரு நாளைக்கு 375 கிராம். எண்ணெய் ஐந்து லிட்டர், ஆளுக்கு 38 கிராம். சர்க்கரை ஐந்து கிலோ, ஆளுக்கு ஏறத்தாழ 42 கிராம். கடையில் சாப்பிட்டது இதில் சேரவில்லை!

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், எண்ணெய் 27 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு அல்லது முட்டை, இறைச்சி 85 கிராம் என்று இருக்கிறது. சர்க்கரையை 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அண்ணன் வீட்டில் நான்கு பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு அரைக் கிலோ காய்தான் சமைத்தார்கள். ஆளுக்கு 125 கிராம். கொல்லையில் கத்தரியும் முருங்கையும் காய்க்கிற வீட்டில்! “நல்ல காயெல்லாம் சந்தைக்குப் போயிடும். சொத்தைதான் வீட்டுக்கு” என்றார் அண்ணி. இது எத்தனை வீட்டில் நடக்கிறது என்பது நமக்கே தெரியும்.

அண்ணன் செய்தது என்ன?

முதலில், தட்டை மாற்றினார்கள். அகலமான தட்டுக்குப் பதில், பழைய சின்னத் தட்டு. பாதித் தட்டுக்குக் காயும் கீரையும், கால் தட்டுக்குச் சோறு, கால் தட்டுக்குப் பருப்போ மீனோ முட்டையோ. காயை முதலில் சாப்பிட்டுவிட்டுத்தான் சோறு. இரண்டாவது தடவை சோறு போடுவதற்கு முன்பு பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது அண்ணி வைத்த சட்டம். பெரும்பாலும் அந்த இரண்டாவது தடவை தேவைப்படுவதில்லை.

பரோட்டாவை விடவில்லை. மாதத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு ஒன்று. கூடவே முட்டை, வெங்காயம். அன்று வீட்டில் ராத்திரிச் சாப்பாடு கிடையாது. ஃப்ரைடு ரைஸ் வாங்கினால் ஹாஃப்தான். அதையும் பொட்டலத்திலிருந்தே சாப்பிடாமல், தட்டில் பிரித்து இருவருக்குப் பங்கு. குளிர்பான பாட்டில் வீட்டுக்குள் வருவதே இல்லை. விருந்தாளிக்கு மோர் அல்லது எலுமிச்சைச் சாறு. ஐந்து டீ மூன்றானது, சர்க்கரை இல்லாமல். “முதல் பத்து நாள் கஷாயம் குடிக்கிற மாதிரி இருந்துச்சுடா தம்பி. இப்ப சர்க்கரை போட்டா திகட்டுது” என்கிறார். வயலுக்கு பைக்கை விட்டுவிட்டு நடந்து போகிறார். காலுக்குச் செருப்பு, சேற்றில் இறங்கினால் ரப்பர் பூட்ஸ். தினமும் ராத்திரி காலைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கெல்லாம் அண்ணி டார்ச் அடித்துப் பார்க்கிறார்.

மூன்று வருடத்தில் 88 கிலோ 79 கிலோ ஆகியிருக்கிறது. இடையில் ஒரு தீபாவளிக்கு இரண்டு கிலோ ஏறி, மறுபடி இறங்கியது. சர்க்கரை கட்டுக்குள் வந்து, மாத்திரையின் அளவை டாக்டர் குறைத்திருக்கிறார், நிறுத்தவில்லை. போன விரல் போனதுதான். “அஞ்சு வருஷத்துக்கு முன்னால இந்தக் கணக்கைப் போட்டிருந்தா, விரலாவது மிஞ்சியிருக்கும்” என்று அண்ணன் சொல்லும்போது அண்ணி எழுந்து உள்ளே போய்விடுவார்.

வாசகர்கள் கேட்டவை

“சிறுதானியம் எவ்வளவு சாப்பிட்டாலும் எடை ஏறாது என்கிறார்களே?”

ஏறும். கேழ்வரகு, கம்பு, தினை எல்லாவற்றிலும் 100 கிராமுக்குக் கலோரி ஏறத்தாழ அரிசி அளவுதான். நார்ச்சத்து கூடுதல் என்பதால், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறையும், அதுதான் லாபம். ஆறு கம்பு தோசை சாப்பிட்டால் அந்த லாபமும் போய்விடும்.

“நாங்கள் மரச்செக்கு எண்ணெய்தான் பயன்படுத்துகிறோம். அதையும் குறைக்க வேண்டுமா?”

ஆமாம். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், பாக்கெட் எண்ணெய் எதுவானாலும் கிராமுக்கு 9 கலோரிதான். ருசிக்கும் தரத்துக்கும் செக்கு எண்ணெய் வாங்குங்கள். அளவு எல்லாவற்றுக்கும் ஒன்றே.

“நான் கூலி வேலைக்குப் போகிறேன். நாற்று நடுகிறேன், மண் வெட்டுகிறேன். நானும் சோற்றைக் குறைக்க வேண்டுமா?”

வேண்டாம். நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து வேலை செய்பவருக்குக் கூடுதல் உணவு வேண்டும். இடுப்பு அளவு சரியாக இருந்தால், உங்கள் சோறு உங்களுக்குச் சரி. கூடவே பருப்பு, முட்டை, கீரை சேருங்கள். வேலை இல்லாத நாள்களில் மட்டும் அளவைக் கவனியுங்கள்.

“என் மகனுக்கு 11 வயது. உடம்பு பருமன். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தலாமா?”

கூடாது. வளரும் பிள்ளையைப் பட்டினி போடக் கூடாது. ‘குண்டா’ என்று கேலி செய்வதும் கூடாது, அது ஒளிந்து சாப்பிடத்தான் கற்றுக்கொடுக்கும். பாக்கெட் தின்பண்டம், குளிர்பானம் இரண்டையும் வீட்டில் வாங்கி வைக்காதீர்கள். வேர்க்கடலை, சுண்டல், கொய்யா வையுங்கள். மாலையில் ஒரு மணி நேரம் ஓடி விளையாடட்டும். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி சாப்பிடுங்கள். சுகாதார நிலையத்தில் எடையும் உயரமும் பார்த்து ஆலோசனை கேளுங்கள்.

“சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். உடனே சோற்றைப் பாதியாகக் குறைக்கலாமா?”

டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள். சில மாத்திரைகளையும் இன்சுலினையும் எடுத்துக்கொண்டு, சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரும். மருந்தையும் சாப்பாட்டையும் சேர்த்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

இந்த மாதம் மளிகைச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அரிசி, எண்ணெய், சர்க்கரை மூன்றையும் கூட்டி, ஆள் கணக்கால் வகுத்து, 30-ஆல் வகுத்துப் பாருங்கள். வந்த கணக்கை, தீவனச் சீட்டு ஒட்டியிருக்கும் அதே கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள். அண்ணன் வீட்டில் இப்போது அப்படித்தான் இருக்கிறது. செவலைக்கு ஒரு வரி, அதற்குக் கீழே அவருக்கு ஒரு வரி.